நோன்புக் கஞ்சியும் சர்க்கரை நோயும்



ரமலான் நெருங்கினாலே டோல்கேட் பகுதி வீடுகளில் ஒரு கேள்வி எழும்: "சுகர் இருக்கே, கஞ்சி குடிக்கலாமா?" சிலர் பயந்து அறவே விட்டுவிடுகிறார்கள். சிலர், நோன்பாளிக்கு ஒன்றும் ஆகாது என்று மூன்று கிண்ணம் குடிக்கிறார்கள். இரண்டும் வேண்டாம். 2023-இல் வெளியான ஐ.சி.எம்.ஆர். ஆய்வின்படி தமிழ்நாட்டில் பெரியவர்களில் நூற்றுக்கு 14 பேருக்குச் சர்க்கரை நோய் இருக்கிறது. இது நம் எல்லோர் வீட்டுக் கவலையும்தான்.

கஞ்சியில் சேரும் பருப்பு, கறி, வெந்தயம், இஞ்சி, பூண்டு யாவும் நல்லவையே. சிக்கல் நொய்யில் இருக்கிறது. பச்சரிசி நொய் குழைய வெந்துவிடுவதால் மெல்லும் வேலையே இல்லை. வேகமாகச் சர்க்கரையாகி இரத்தத்தில் கலந்துவிடும். பலரும் தேங்காய்ப்பாலைக் குறை சொல்கிறார்கள். அது சர்க்கரையை அவ்வளவு ஏற்றாது. கொழுப்புக்காகத்தான் அதைக் குறைக்க வேண்டும்.

வீட்டில் காய்ச்சும்போது நான்கு பேருக்கு நொய் 50 கிராம், சம்பா கோதுமை ரவை 50 கிராம், பாசிப்பருப்பு 75 கிராம், வெந்தயம் ஒரு மேசைக்கரண்டி போதும். கொழுப்பில்லாத கொத்துக்கறி 150 கிராம், பீன்ஸ், கேரட், இரண்டு கைப்பிடி முருங்கைக்கீரை சேருங்கள். இரண்டாம் பால் அரை டம்ளர் விட்டால் மணம் குறையாது. ரவையைக் கடைசியில் போட்டு, குழையுமுன் இறக்குங்கள். ஓட்ஸிலும் செய்யலாம், ஆனால் அதைக் கஞ்சி என்று சொல்ல நமக்கு மனம் வரவில்லை!

பள்ளிவாசல் கஞ்சியை விட வேண்டியதில்லை. ஒரு சிறு கிண்ணத்தோடு நிறுத்தி, கூடவே சுண்டலோ அவித்த முட்டையோ எடுத்துக்கொள்ளுங்கள். உண்மையில் கஞ்சியைவிட அதனுடன் வரும் சமோசா, வடை, சர்பத்துதான் அதிகம் கெடுக்கின்றன. சர்பத்துக்குப் பதில் தண்ணீரோ உப்பு மோரோ போதும். பேரீச்சம்பழம் ஒன்று, மிஞ்சினால் இரண்டு.

ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம். இன்சுலின் போடுவோருக்கும் சில மாத்திரைகள் சாப்பிடுவோருக்கும் அஸருக்குப் பிறகு சர்க்கரை இறங்கிவிடலாம். நடுக்கம், வியர்வை, தலைசுற்றல் வந்தால் உடனே சோதியுங்கள். விரலில் குத்திச் சோதிப்பதால் நோன்பு முறியாது. அளவு 70-க்குக் கீழோ 300-க்கு மேலோ போனால் நோன்பை விட்டுவிட வேண்டும் என்பதே மருத்துவர்களின் வழிகாட்டல்; நோயாளிக்கு மார்க்கமும் சலுகை தந்திருக்கிறது. 70-க்குக் கீழ் போனவர் கஞ்சிக்குக் காத்திருக்காமல் அப்போதே சர்க்கரைத் தண்ணீர் குடிக்க வேண்டும். மருந்தின் அளவையும் நேரத்தையும் நாமாக மாற்றக் கூடாது. ரமலானுக்கு ஆறு வாரம் முன்பே மருத்துவரிடம் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.