காதுக்குள்ளே நாடி அடித்தால்



காதில் இரைச்சல் என்றால் நம்ம லயங்களில் முதலில் தேடுவது சூடாக்கிய எண்ணெய், அடுத்து கோழி இறகு. ஆனால் ஒருவகை இரைச்சலுக்கு இது இரண்டுமே ஆகாது.

ஒரு காதில் மட்டும் ‘தொம் தொம்’ என்று கேட்கும். மணிக்கட்டில் விரல் வைத்துப் பாருங்கள். நாடியும் சத்தமும் ஒன்றாக அடிக்கும். இரத்தசோகை, இரத்த அழுத்தம் இருந்தாலும் இப்படிக் கேட்கலாம். அபூர்வமாகச் சிலருக்கு, காதைச் சுற்றியுள்ள மண்டை எலும்புக்குள் வளரும் இரத்தக்குழாய்க் கட்டி காரணமாக இருக்கும். இதைக் குளோமஸ் கட்டி என்பார்கள். அமெரிக்காவில் ரோசன்வாசர் என்ற வைத்தியர் 1945இல் இதை விளக்கி எழுதினார். பெரும்பாலும் இது புற்றுநோய் அல்ல, மெதுவாகத்தான் வளரும். நடுத்தர வயதுப் பெண்களுக்கே கூடுதலாக வருகிறது.

அப்படியே விட்டால் காது மந்தமாகும். கட்டி பெருத்தால் குரல் கம்மும், விழுங்கக் கஷ்டமாகும், முகம் ஒருபக்கம் கோணும்.

இந்தக் கட்டி முழுக்க இரத்தம். குத்தினால் கொட்டும். அதனால்தான் வைத்தியர்களும் சதை வெட்டிப் பார்க்காமல் முதலில் ஸ்கேன் எடுப்பார்கள். சத்திரசிகிச்சைக்கு ஓரிரு நாள் முன்பு, தொடை இடுக்கு இரத்தக்குழாய் வழியாக மெல்லிய குழாய் செலுத்தி, கட்டிக்குப் போகும் இரத்தத்தை அடைப்பார்கள். பிறகு வெட்டி எடுக்கும்போது இரத்தப்போக்கு குறையும். சத்திரசிகிச்சை தாங்காதவர்களுக்குக் கதிர்வீச்சு உண்டு. அது கட்டி வளராமல் தடுக்கும். வயதானவர்களுக்குச் சிறிய கட்டி என்றால், ஸ்கேன் எடுத்துக் கவனித்துக்கொண்டே இருப்பதும் உண்டு.

இன்னொன்று. சில குடும்பங்களில் இது பரம்பரையாக வரும். அதில் ஒருவகை, தகப்பன் வழியாக வந்தால்தான் பெரும்பாலும் நோயாகும். 1977, 1983 கலவரங்களுக்குப் பிறகு நம்ம சனம் நிறையப் பேர் வவுனியா, கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கம் போய்க் குடியேறினார்கள். ஒரே தகப்பன் பிள்ளைகள், அண்ணன் தோட்டத்தில், தங்கச்சி வன்னியில். உங்கள் வீட்டில் யாருக்காவது இந்தக் கட்டி என்று வைத்தியர் சொன்னால், அங்கே உள்ள சொந்தத்துக்கும் ஒரு வார்த்தை சொல்லுங்கள். உங்கள் வைத்தியரிடமும் குடும்ப விபரத்தைச் சொல்லுங்கள்.

நாடிச் சத்தம் கேட்டால் காதில் எதையும் விடாமல், தோட்ட மருந்தகத்திலோ பக்கத்து அரச ஆஸ்பத்திரியிலோ காட்டி, காது மூக்கு தொண்டை கிளினிக்குக் கடிதம் கேளுங்கள். அரச ஆஸ்பத்திரியில் வைத்தியம் இலவசம். ஒருநாள் பேர் போகுதே என்று தள்ளிப்போடாதீர்கள்.