விலகியவர், தங்கியவர்

பென்னாகரம்

அன்புள்ள கண்ணு,

உன் கடிதம் வந்தது. வெளியுறவுப் பணிக்குத்தான் படிப்பேன் என்று நீ எழுதியிருந்ததை உன் பெரியம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். கடைசியில் ஒரு கேள்வி கேட்டிருந்தாய். தூதர் என்பவர் டெல்லி சொல்வதை இன்னொரு நாட்டில் போய்ச் சொல்கிறவர்தானே, அதில் நம் மனசாட்சிக்கு எங்கே இடம் என்று. முதலில் தேர்வில் தேறட்டும், பிறகு பார்க்கலாம் என்கிறான் உன் அப்பா. எனக்கு அப்படித் தோன்றவில்லை. இதை இப்போதே யோசித்துவிட வேண்டும். நாற்காலியில் உட்கார்ந்த பிறகு வீட்டுக் கடன், பிள்ளை படிப்பு, அடுத்த பதவி உயர்வு எல்லாம் கூடவே வந்து உட்கார்ந்துகொள்ளும்.

முப்பது வருஷம் வரலாறு நடத்தியவன் நான். உபதேசமாகச் சொல்வதைவிட இரண்டு மனிதர்களைச் சொல்வதுதான் எனக்கு வரும். இருவரும் ஜெர்மானியர்கள். இருவரும் டெல்லியில் மேற்கு ஜெர்மனியின் தூதராக இருந்தவர்கள்.

முதலாமவர் எர்ன்ஸ்ட் வில்ஹெல்ம் மேயர். 1952-ல் வந்தார். சுதந்திர இந்தியாவுக்கு மேற்கு ஜெர்மனி அனுப்பிய முதல் தூதர் அவர்தான். 1930-களில் வாஷிங்டனில் ஜெர்மன் தூதரக அதிகாரியாக இருந்தார். நல்ல பதவி, நல்ல ஊர். இட்லரின் அரசுக்கு இனி வேலை செய்ய முடியாது என்று 1937-ல் எழுதிக் கொடுத்துவிட்டு வெளியேறினார். நாடு திரும்ப முடியாது. அமெரிக்காவிலேயே பாடம் சொல்லிக் கொடுத்துப் பிழைத்தார். போர் முடிந்தபின் திரும்பிப் போனவரைத்தான் புதிய அரசு நேருவின் டெல்லிக்கு அனுப்பியது. அவர் இங்கே இருந்தபோதுதான், 1956-ல், நேரு மேற்கு ஜெர்மனிக்குப் போனார். அந்தப் பயணத்தில் பேசியதுதான் 1959-ல் சென்னை ஐஐடியாக எழுந்தது.

1937-ல் அவர் செய்தது எவ்வளவு அரிது என்று தெரிய வேண்டுமானால் பின்னால் வந்த ஒரு விசாரணையைப் பார்க்க வேண்டும். 2005-ல் ஜெர்மன் வெளியுறவு அமைச்சர் யோஷ்கா ஃபிஷர் தன் அமைச்சகத்தின் பழைய வரலாற்றை ஆராய வரலாற்றாசிரியர்கள் குழு ஒன்றை அமைத்தார். 2010-ல் வந்த அதன் அறிக்கை, யூதர்களை அழித்த வேலையில் அந்த அமைச்சகத்துக்கும் பங்கு இருந்தது என்று சொன்னது. நன்றாகப் படித்த, நாலு மொழி பேசிய அதிகாரிகள் கையெழுத்துப் போட்டார்கள், கோப்பை நகர்த்தினார்கள். போருக்குப் பிறகு அவர்களில் பலர் அதே அமைச்சகத்துக்குத் திரும்பி வந்து ஓய்வூதியமும் வாங்கினார்கள். நாங்கள் உள்ளே இருந்துகொண்டே தடுக்கப் பார்த்தோம் என்பதுதான் அவர்கள் வழக்கமாகச் சொன்ன பதில்.

அந்தப் பதிலை முழுப் பொய் என்று தள்ளிவிட முடியாமல் செய்கிறவர் இரண்டாமவர், கெயோர்க் ஃபெர்டினாண்ட் டுக்விட்ஸ். 1961 முதல் 1965 வரை டெல்லியில் தூதர்.

இவரைப் பற்றிச் சொல்லும்போது எதையும் மறைக்கக் கூடாது. பிரேமன் துறைமுக நகரத்துக்காரர். 1932-லேயே, அதாவது இட்லர் ஆட்சிக்கு வருவதற்கு முன்பே, நாஜிக் கட்சியில் சேர்ந்தவர். கட்சியின் வெளிநாட்டு அலுவலகத்திலும் வேலை பார்த்தார். 1935-ல் மனம் கசந்து அதை விட்டு விலகினார். ஆனால் கட்சியை விடவில்லை. 1939-ல் கப்பல் விவகாரங்களைக் கவனிக்கும் அதிகாரியாக கோபன்ஹேகனில் உள்ள ஜெர்மன் தூதரகத்துக்குப் போனார். அந்த ஊர் அவருக்குப் புதிதில்லை. 1920-களின் இறுதியில் காபி வியாபாரத்துக்காக அங்கே வாழ்ந்தவர். டேனிஷ் மொழி தெரியும். டென்மார்க்கின் சமூக ஜனநாயகக் கட்சித் தலைவர்களோடு பழக்கம் இருந்தது. இந்த இரண்டையும் நினைவில் வைத்துக்கொள், கண்ணு. மற்ற எல்லாம் இவற்றின்மேல்தான் நின்றது.

1940-ல் ஜெர்மனி டென்மார்க்கைப் பிடித்தது. 1943 செப்டம்பர் 11 அன்று, அங்கே ஜெர்மனியின் உச்ச அதிகாரியாக இருந்த வெர்னர் பெஸ்ட், டென்மார்க் யூதர்களை எல்லாம் பிடித்து நாடுகடத்தப் போகிறோம் என்று டுக்விட்ஸிடம் சொன்னார். டுக்விட்ஸ் விமானம் ஏறி பெர்லினுக்குப் போனார், உத்தரவைத் தடுக்க. முடியவில்லை. அடுத்து ஸ்டாக்ஹோம். கப்பல் வேலை என்ற சாக்கில் போய், சுவீடன் பிரதமர் பெர் அல்பின் ஹான்சனைச் சந்தித்தார். யூதர்கள் தப்பி வந்தால் ஏற்றுக்கொள்வீர்களா என்று கேட்டார். சுவீடன் போரில் சேராத நாடு. ஒரு ஜெர்மன் அதிகாரி தன் அரசின் இரகசியத்தை இன்னொரு நாட்டின் பிரதமரிடம் சொல்வதற்கு அன்றைக்கு என்ன தண்டனை என்று உனக்கே தெரியும்.

செப்டம்பர் 28. நாள் குறித்தாயிற்று என்று உறுதியானதும் அவர் ஹான்ஸ் ஹெட்டாஃப்ட் என்ற சமூக ஜனநாயகத் தலைவரைத் தேடிப் போய் எல்லாவற்றையும் சொன்னார். ஹெட்டாஃப்ட் யூத சமூகத் தலைவர்களிடம் ஓடினார். மறுநாள் காலை கோபன்ஹேகன் தொழுகைக்கூடத்தில் ரப்பி மார்க்கஸ் மெல்கியோர் வழிபாட்டை நிறுத்திவிட்டு, எல்லோரும் உடனே ஒளிந்துகொள்ளுங்கள், தெரிந்தவர்களுக்கெல்லாம் சொல்லுங்கள் என்று அறிவித்தார். அக்டோபர் முதல் தேதி இரவு, யூதப் புத்தாண்டை ஒட்டி, ஜெர்மன் போலீஸ் கதவுகளைத் தட்டியபோது பெரும்பாலான வீடுகள் காலி. அடுத்த வாரங்களில் ஏழாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் மீன்பிடிப் படகுகளில் ஓரசுண்ட் நீரிணையைக் கடந்து சுவீடன் சேர்ந்தார்கள். மிகக் குறுகலான இடத்தில் அது சுமார் நான்கு கிலோமீட்டர். ஆனால் ஒகேனக்கல்லில் பரிசல் ஓட்டுகிறவர்களைக் கேட்டுப் பார், தண்ணீரில் தூரத்தை வைத்து ஆபத்தை அளக்கமாட்டார்கள். சில படகுக்காரர்கள் அதிகக் காசு கேட்டார்கள் என்பதும் உண்மை. உயிரைப் பணயம் வைத்தார்கள் என்பதும் உண்மை. சுமார் 470 பேர் பிடிபட்டு தெரேசியன்ஸ்டாட் முகாமுக்கு அனுப்பப்பட்டார்கள்.

இப்போது உன் கேள்விக்கு வருகிறேன். மேயரைப் போல விலகுவதா, டுக்விட்ஸைப் போல தங்குவதா?

நம் பாப்பாரப்பட்டியில் விடுதலைப் போராட்ட வீரர் சுப்பிரமணிய சிவாவின் நினைவிடத்துக்கு உன்னைச் சின்ன வயதில் கூட்டிப் போயிருக்கிறேன். சிறையில் தொழுநோயை வாங்கி வந்து, ரயிலில் ஏறக்கூடாது என்று தடுக்கப்பட்டும், நடந்தே ஊர் ஊராய்ப் போய்ப் பேசியவர். வெளியே நின்று எதிர்ப்பவர்களின் வழி அது. நம் ஊரில் வளர்ந்தவர்களுக்கு மேயரின் முடிவு எளிதில் புரியும். பெரும்பாலானவர்களுக்கு அதுதான் நேர்மையான வழி என்றே நானும் நினைக்கிறேன். உள்ளே இருந்து நல்லது செய்வேன் என்று தங்குகிறவர்களில் நூற்றுக்கு ஒருவர்கூட எதையும் செய்வதில்லை. தினம் ஒரு சின்னக் கையெழுத்து, தினம் ஒரு சின்ன மௌனம். அதற்குள் வயது அறுபது.

டுக்விட்ஸ் அந்தக் கூட்டத்தில் சேராததற்குக் காரணம், அவர் தங்கியதற்குச் சாட்சியாக ஒரு செயல் இருக்கிறது. நாள் இருக்கிறது, போய்ப் பார்த்த ஆளின் பெயர் இருக்கிறது. நீ ஒரு தவறான உத்தரவின் கீழ் தங்கியிருக்கிறாய் என்றால், உன்னையே நீ கேட்டுக்கொள்ள வேண்டியது அதுதான். நான் இங்கே இருப்பதால் குறிப்பாக யாருக்கு, என்ன நடந்தது? பதில் பொத்தாம்பொதுவாக வந்தால் ராஜினாமாவை எழுது.

இன்னொன்று. அந்த மூன்று வாரத்தில் அவர் யாரையும் புதிதாகத் தேடிப் பிடிக்கவில்லை. நம்பிச் சொல்ல ஒரு ஹெட்டாஃப்ட் இருந்தார், சொன்னதை நம்ப அந்த ஹெட்டாஃப்ட்டுக்கும் காரணம் இருந்தது. ஆக்கிரமித்த நாட்டின் அதிகாரி வந்து சொல்வதை, இது பொறியோ என்று சந்தேகிக்காமல் ஒருவர் ஏற்றுக்கொள்ள எத்தனை வருஷப் பழக்கம் வேண்டும், யோசி. வெளிநாட்டில் வேலை பார்க்கும் பலர் தங்கள் நாட்டுக்காரர்களோடே விருந்து சாப்பிட்டு, மூன்று வருஷம் முடிந்ததும் மூட்டை கட்டிவிடுகிறார்கள். நீ அப்படி இருக்காதே.

இப்படிப்பட்ட இரவுகள் தினமும் வருவதில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். டெல்லியில் டுக்விட்ஸின் வேலை பெரும்பாலும் வேறு. கிழக்கு ஜெர்மனியை இந்தியா அங்கீகரித்துவிடாமல் பார்த்துக்கொள்வது அக்கால மேற்கு ஜெர்மன் தூதர்கள் எல்லோருக்கும் இருந்த கட்டளை. 1972-ல் இந்தியா அங்கீகரித்தே விட்டது. மற்றபடி ரூர்கேலா இரும்பாலை, சென்னை ஐஐடிக்கான கருவிகள், பேராசிரியர்கள் என்று கடிதப் போக்குவரத்து. இதையும் அற்பமாக நினைக்காதே. தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு கலந்து நம் பிள்ளைகளின் பல் பழுத்ததை நீ பார்த்து வளர்ந்தவள். இன்று குழாயில் வரும் ஒகேனக்கல் தண்ணீர் ஜப்பானின் கடனுதவியில் வந்த திட்டம். யாரோ சில அதிகாரிகள் அலுப்புத் தட்டாமல் உட்கார்ந்து பேசி எழுதிய காகிதங்கள்தான் உன் பெரியம்மா பிடிக்கும் குடம்.

டுக்விட்ஸை 1967-ல் அன்றைய வெளியுறவு அமைச்சர் வில்லி பிராண்ட் திரும்ப அழைத்து வெளியுறவு அமைச்சகத்தின் செயலராக்கினார். போலந்துடன் சமாதானம் பேசி, 1970-ல் வார்சா ஒப்பந்தத்துக்கு வழி செய்தார். 1971-ல் இஸ்ரேலின் யாத் வஷெம் நினைவகம் அவரை, யூதர்களைக் காத்த பிற இனத்து நல்லோர் வரிசையில் சேர்த்துக் கௌரவித்தது. 1973-ல் சொந்த ஊரான பிரேமனில் காலமானார்.

பணியில் சேர்ந்ததும் கட்டாயமாக ஒரு வெளிநாட்டு மொழி கற்கச் சொல்வார்கள். எந்த மொழி என்று உன் விருப்பத்தையும் கேட்பார்கள். ஜெர்மன்தான் வேண்டும் என்று நான் வற்புறுத்தமாட்டேன். எதுவானாலும், அமைச்சரிடம் பேசும் அளவோடு நிறுத்திவிடாமல், துறைமுகத்தில் மீன் ஏலம் விடுகிறவரோடும் பேசும் அளவுக்குக் கற்றுக்கொள். இப்போதைக்கு ஜெர்மன் படித்துப் பார்க்க ஆசை இருந்தால், சென்னை கோத்தே நிலையத்தில் வகுப்புகள் நடக்கின்றன. கட்டணம் எவ்வளவு என்று விசாரித்து எழுது, பொங்கலுக்கு நீ வரும்போது தருகிறேன்.

அன்புடன்,
உன் பெரியப்பா