மூக்கு, நாக்கு, காது, விரல்: தினமும் கொஞ்சம் விழிக்க வைக்க

சாம்பார் கொதிக்கும் மணம் தெருவில் போகிறவருக்குத் தெரியும். அடுப்படியிலேயே நிற்கிறவருக்குத் தெரியாது. மாறாமல் இருக்கும் எதையும் நம் புலன்கள் சீக்கிரமே கண்டுகொள்ளாமல் விட்டுவிடும். அவற்றை மறுபடி விழிக்க வைக்கப் பெரிய செலவு எதுவும் இல்லை. வீட்டிலேயே செய்து பார்க்கக்கூடிய சில வழிகள்:

1. சமையலுக்கு நடுவே இரண்டு மூன்று நிமிடம் வாசலுக்கோ மொட்டைமாடிக்கோ போய்விட்டு வாருங்கள். திரும்பி உள்ளே வரும்போது, நீங்கள் சமைத்ததன் மணம் உங்களுக்கே புதிதாகத் தெரியும். இதில் பாதுகாப்பு விஷயமும் ஒன்று உண்டு. சமையல் கேஸுக்குச் சொந்த மணம் கிடையாது. கசிந்தால் தெரியவேண்டும் என்றுதான் மெர்காப்டன் என்ற நெடியுள்ள பொருளைச் சேர்க்கிறார்கள். அந்த நெடிக்கும் மூக்கு பழகிவிடும். வெளியிலிருந்து வந்தவர் "என்ன, கேஸ் வாடை அடிக்குதே?" என்று கேட்டால், உங்களுக்குத் தெரியாவிட்டாலும் நம்புங்கள். அடுப்பை அணைத்து, ரெகுலேட்டரை மூடி, ஜன்னலைத் திறந்துவிடுங்கள். எந்த சுவிட்சையும் தொட வேண்டாம்.

2. காலை காபியின் முதல் வாயை மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்துப் பாருங்கள். கசப்பும் இனிப்பும் சூடும் மட்டும்தான் தெரியும். விழுங்கியதும் மூக்கை விடுங்கள். அப்போதுதான் காபி வந்து சேரும். சுவை என்று நாம் சொல்வதில் பெரும்பகுதி, தொண்டையின் பின்வழியாக மூக்குக்கு ஏறும் மணமே. அதனால்தான் ஜலதோஷம் பிடித்தால் எந்தச் சாப்பாடும் சப்பென்று இருக்கிறது. காபிப் பொடியை மாதக் கணக்குக்கு வாங்கி வைப்பதைவிட, கொஞ்சம் கொஞ்சமாக அரைத்து வாங்கி இறுக மூடும் டப்பாவில் வைப்பது எவ்வளவோ நல்லது. பறந்துபோன மணத்தைக் கூடுதலாக இரண்டு ஸ்பூன் பொடி போட்டு மீட்க முடியாது.

3. தாளிப்பதைக் காதால் கேளுங்கள். வீட்டில் எனக்கு மிகவும் பிடித்த சத்தம் அதுதான். மிக்ஸி, டிவி எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு, பிள்ளைகளைச் சற்றுத் தள்ளிக் கண்ணை மூடி உட்காரச் சொல்லி, என்ன விழுகிறது என்று கேளுங்கள். கடுகு படபடக்கும், உளுத்தம்பருப்பு அடங்கிய குரலில் பொரியும், கறிவேப்பிலை தன் ஈரத்தால் ஒரே மூச்சில் சடசடக்கும். பிறகு மணத்துக்கு வாருங்கள். முழுக் கடுகுக்கு நெடி கிடையாது. அரைத்து ஈரம் பட்டால்தான் அதற்குள் தனித்தனியே இருக்கும் பொருள்கள் கலந்து, மூக்கில் ஏறும் அந்தக் காரம் பிறக்கிறது. காய்ந்த எண்ணெயில் போட்டால் அதற்கு வேண்டிய நொதி வெப்பத்தில் செயலற்றுப்போகும். மென்மையான வறுபட்ட மணம் மட்டுமே மிஞ்சும். ஆவக்காயில் உள்ள கடுகும் ரசத்தில் மிதக்கும் கடுகும் ஒரே டப்பாவிலிருந்து வந்தவை என்று பிள்ளைகளுக்கு இப்படிக் காட்டிக்கொடுக்கலாம். பெருங்காயத்தையும் பச்சையாக ஒருமுறை, பொரிந்தபின் ஒருமுறை முகரச் சொல்லுங்கள்.

4. நெல்லிக்காயை அவசரப்படாமல் மென்று தின்று, உடனே தண்ணீர் குடியுங்கள். அந்த இனிப்புக்கு ஈடாக எந்தப் பாட்டில் பானமும் இல்லை.

5. வாரத்தில் ஒரு வேளையாவது ஸ்பூனை ஒதுக்கிவிட்டுக் கையால் பிசைந்து சாப்பிடுங்கள். சோற்றின் சூடும் பருப்பின் குழைவும் நாக்குக்கு முன்பே விரல் நுனிக்குத் தெரிந்துவிடும். 2021இல் மருத்துவ நோபல் பரிசு பெற்ற டேவிட் ஜூலியஸ், ஆர்டெம் படபூட்டியன் இருவரும் சூட்டையும் தொடுதலையும் உடல் எப்படி உணர்கிறது என்று கண்டறிந்தவர்கள். ஜூலியஸ் இந்த ஆய்வுக்குத் துணையாக எடுத்துக்கொண்டது மிளகாயின் காரப்பொருளை. சூட்டை உணரும் அதே உணர்வியைத்தான் மிளகாயும் தூண்டுகிறது; காரம் சுடுவதுபோல இருப்பது அதனால்தான். காரம் தாங்கவில்லையென்றால் தண்ணீரைவிடப் பாலோ தயிரோ நல்லது, ஏனெனில் காரப்பொருள் தண்ணீரில் சரியாகக் கரையாது.

6. மண்பானையைக் காற்றோட்டமுள்ள நிழலில், மணல்மேல் வையுங்கள். நுண்துளை வழியே கசியும் நீர் ஆவியாகும்போது சூட்டை எடுத்துச் செல்வதால்தான் உள்ளே குளிர்கிறது. காற்றில் ஈரம் மிகுந்த கடற்கரை ஊர்களில் குளிர்ச்சி சற்றுக் குறையும், பானையின் குற்றமல்ல. கழுவிய வெட்டிவேரைச் சிறு கட்டாகக் கட்டி உள்ளே போட்டால் மணமும் சேரும்.

7. மல்லிகையை மாலையில் மொட்டாகவே வாங்குங்கள். அது விரிவதும் மணப்பதும் இரவில்தான். முழுவதையும் தொடுத்துவிடாமல், ஒரு கைப்பிடி மொட்டைக் கிண்ணத்தில் போட்டு ஜன்னலோரம் வையுங்கள். கட்டிலருகே வேண்டாம், மூக்கு பழகிவிடும். நடந்து போகிற வழியில் இருந்தால் ஒவ்வொரு முறையும் புதிதாக மணக்கும்.

8. வெயில் தாழ்ந்தபின் காய்ந்த மண்ணில் வாசல் தெளிக்கும்போது ஒரு நிமிடம் நின்றுவிடுங்கள். முதல் மழைக்கு எழும் மணத்தில் ஒரு பங்கு அங்கேயும் கிடைக்கும். மண்ணில் வாழும் நுண்ணுயிரிகள் உண்டாக்கும் ஜியோஸ்மின் அதில் முக்கியமானது. மனித மூக்கு மிகமிகச் சிறிய அளவிலும் அதைக் கண்டுபிடித்துவிடும்.

9. கரண்ட் போனால் உடனே டார்ச்சைத் தேடாமல், பாதுகாப்பான இடமாகப் பார்த்து மாடியில் உட்காருங்கள். கண் இருட்டுக்கு நன்றாகப் பழக 20 முதல் 30 நிமிடம் ஆகும். நடுவில் ஒருமுறை செல்போனைப் பார்த்தால் அத்தனை பழக்கமும் கலைந்துவிடும்.

10. வயதானவர்கள் "உப்பே இல்லையே" என்றால் கோபப்படாதீர்கள். வயதாக ஆக முகரும் திறன் குறைகிறது. சுவையும் கூடவே மங்குகிறது. உப்பைக் கூட்டாமல் கொத்தமல்லித்தழை, எலுமிச்சை, புதிதாகப் பொடித்த மிளகு சேர்த்துப் பாருங்கள். எந்த வயதிலும் மணம் திடீரென்று போய்விட்டால் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்டுங்கள். காய்ச்சலுக்குப் பிறகு மணம் குறைந்தவர்களுக்கு மருத்துவர்கள் சொல்லும் முகர்வுப் பயிற்சிக்கு வேண்டிய பொருள்கள் நம் வீட்டிலேயே இருப்பவை: கிராம்பு, எலுமிச்சை, ரோஜா, யூகலிப்டஸ் தைலம். ஒவ்வொன்றையும் சுமார் 20 விநாடி, காலையும் மாலையும், மனதை அதிலேயே வைத்து முகர வேண்டும். பலன் தெரியச் சில மாதங்கள் ஆகும்.