சிறு பெட்ரோல் இயந்திரத்தில் பழுது காணும் முறை

முன்னுரை

திருச்சி–கரூர் சாலையில், காவிரியின் தென்கரையில் அமைந்துள்ள ஊர் ஜீயபுரம். 1836-ஆம் ஆண்டில் கட்டப்பெற்ற முக்கொம்பு மேலணை இதற்கு அருகில் உள்ளது. வாழையும் நெல்லும் செழிக்கும் இவ்வட்டாரத்தில் மண்வெட்டி செய்த வேலையில் ஒரு பகுதியை இன்று சிறு பெட்ரோல் இயந்திரங்கள் செய்கின்றன. வாழை வரிசைகளுக்கு இடையே களையெடுக்கும் ‘பவர் வீடர்’, வாய்க்கால் நீரை இறைக்கும் கையடக்கப் பம்ப்செட் ஆகியவை இவ்வகையின. பெரிய விளையாட்டுத் திடல்களில் ஆள் அமர்ந்து ஓட்டும் புல்வெட்டும் வண்டியை இயக்குவதும் இவ்வினத்தைச் சேர்ந்த இயந்திரமே.

மழைக்குப் பின் களை மண்டி நிற்கும் வேளையில் இயந்திரம் கிளம்ப மறுத்தால் உழவர் பாடு திண்டாட்டம்தான். காரணம் அறியாமல் பிளக், காயில், கார்புரேட்டர் என ஒவ்வொன்றாக மாற்றினால் பணமும் பருவமும் வீணாகும். பௌதிக வகுப்பில் நாம் கற்கும் சில உண்மைகளே இதற்கு வழிகாட்டும். அவ்வழியை இங்குச் சுருக்கமாகக் காண்போம்.

இயந்திரத்தின் மூன்று தேவைகள்

1876-இல் ஜெர்மானியரான ஓட்டோ உருவாக்கிய நான்கு ஸ்ட்ரோக் இயந்திரமே இவற்றிற்கு முன்னோடி. இது இயங்க மூன்று தேவை: உரிய நேரத்தில் தீப்பொறி, அளவான பெட்ரோல்–காற்றுக் கலவை, அக்கலவையை நன்கு அழுத்தும் சிலிண்டர். பழுது எதுவாயினும் இம்மூன்றனுள் ஒன்றிலேதான் அடங்கும்.

தீப்பொறிக்கு பாட்டரி வேண்டும் எனப் பலர் கருதுகின்றனர். இவ்வகை இயந்திரங்களுள் பெரும்பாலானவற்றிற்கு அது தேவையில்லை. பிளைவீலில் பதித்த காந்தம் காயிலைக் கடக்கும்போது, 1831-இல் ஃபாரடே கண்டறிந்த மின்காந்தத் தூண்டலின்படி மின்சாரம் பிறக்கிறது. இதுவே மேக்னெட்டோ. புல்வெட்டும் வண்டியில் பாட்டரி இருப்பினும், மேக்னெட்டோ அமைந்த வண்டிகளில் அதன் முதன்மையான பணி இயந்திரத்தைச் சுழற்றிக் கிளப்புவதே. ஆகவே, இயந்திரம் நன்றாகச் சுழன்றும் தீப்பிடிக்கவில்லையெனில் பாட்டரியைக் குறை சொல்வதில் பயனில்லை.

தீப்பொறிச் சோதனை

முதலில் எண்ணெய் அளவைப் பார்த்தல் வேண்டும். எண்ணெய் குறைந்தால் தீப்பொறியைத் தானே நிறுத்திவிடும் அமைப்பு சில இயந்திரங்களில் உண்டு. பிறகு பெட்ரோல் குழாயை மூடி, பிளக்கைக் கழற்றி, அதன் தொப்பியை மீண்டும் மாட்டி, பிளக்கின் உலோக உடலை இயந்திரத்தின் உலோகத்தோடு சேர்த்துக் காப்பிட்ட குறட்டால் பிடிக்கவேண்டும். சுவிட்சைப் போட்டுக் கயிற்றை இழுத்தால் நீலநிறப் பொறி ‘சட்’டென்று பாயவேண்டும். பிளக் துளையிலிருந்து எரியக்கூடிய ஆவி வெளிவருமாதலின் பொறியை அதனருகே காட்டுதல் ஆகாது.

இங்கே ஒரு நுட்பம் உண்டு. வாயுவின் அழுத்தம் கூடினால் அதன் ஊடே மின்பொறி பாய மிகுந்த மின்னழுத்தம் வேண்டும். 1889-இல் பாஷென் கண்ட விதி இது. சிலிண்டருக்குள் கலவை பன்மடங்கு அழுத்தப்படுகிறது. ஆதலால் வெளியே பொறி காட்டும் பிளக் உள்ளே தவறக்கூடும். பிளக்கின் இடைவெளி பெரும்பாலும் 0.7 முதல் 0.8 மில்லிமீட்டர் வரை இருக்கும். தேய்ந்து இது அகன்றாலும் கரி படிந்தாலும் தொல்லையே. ஐயமிருந்தால் நல்ல பிளக் ஒன்றை மாட்டிப் பார்ப்பதே எளிய தீர்வு.

புதிய பிளக்கிலும் பொறி இல்லையெனில் உடனே காயிலை வாங்க ஓடவேண்டா. வீட்டு விளக்கின் சுவிட்ச் மின்சுற்றைத் துண்டித்து விளக்கை அணைக்கிறது. இந்த இயந்திரத்தின் சுவிட்சோ காயிலின் கம்பியை உலோக உடலோடு இணைத்துப் பொறியை நிறுத்துகிறது. ஆகவே அக்கம்பியின் உறை தேய்ந்து உடலைத் தொட்டாலே போதும், இயந்திரம் ஊமையாகிவிடும். புல்வெட்டும் வண்டியில் இருக்கை, பிளேடு, பிரேக் ஆகியவற்றின் காப்புச் சுவிட்சுகளும் இவ்விதமே பொறியை நிறுத்துகின்றன. நிறுத்தும் கம்பியைக் காயிலிலிருந்து சற்றே விடுவித்துச் சோதிக்கலாம். பொறி வந்தால் பழுது கம்பியில் அல்லது சுவிட்சில். வராவிட்டால் காயிலைப் பார்க்கலாம். சோதனை முடிந்ததும் கம்பியை மறவாமல் மாட்டவேண்டும். அது மனித உயிருக்குக் காவல்.

வலிமைக் குறைவு

இயந்திரம் கிளம்பியும் சுமை ஏற்றியதும் திணறினால் அறிகுறிகளைக் கவனிக்கவேண்டும்.

கரும்புகை வந்தால் பெட்ரோல் மிகுதி. சோக் திறக்காமலிருக்கலாம், காற்று வடிகட்டியில் புழுதி அடைத்திருக்கலாம். நீலம் கலந்த வெண்புகை, எண்ணெய் எரிவதைக் காட்டும்.

சிறிது நேரம் ஓடி நின்றுவிடும் இயந்திரத்திற்கு இரு காரணங்கள் பொதுவானவை. டாங்கி மூடியின் காற்றுத்துளை அடைபட்டால் உள்ளே அழுத்தம் குறைந்து பெட்ரோல் இறங்காது. மூடியைத் தளர்த்தியதும் ஓடினால் காரணம் அதுவே. சூடேறியதும் பொறியை இழந்து, ஆறியபின் மீளும் காயில் மற்றொன்று. இயந்திரம் நின்ற அக்கணமே பொறியைச் சோதித்தால் இவ்விரண்டையும் பிரித்தறியலாம்.

பொறியும் பெட்ரோலும் சரியாக இருந்தும் கிளம்பாமல் கயிறு வெடுக்கென்று திருப்பி இழுத்தால், பிளைவீலின் சாவித்துண்டை நினைக்கவேண்டும். பிளேடு கல்லிலோ கட்டையிலோ மோதும்போது இது வெட்டுண்டு போகலாம். ஒரு மயிரிழை விலகினாலும் பொறி பாயும் நேரம் தவறிவிடும்.

கயிற்றை மெல்ல இழுத்தால் ஓரிடத்தில் எதிர்ப்புத் தெரிதல் வேண்டும். எதிர்ப்பே இல்லையெனில் வால்வு, பிஸ்டன் வளையம் ஆகியவற்றில் கசிவு இருக்கலாம். அது தேர்ந்த மெக்கானிக்கின் வேலை.

பெட்ரோலும் பாதுகாப்பும்

நாட்டில் விற்கும் பெட்ரோலில் எத்தனால் கலப்பு 2025-இல் 20 விழுக்காட்டை எட்டியது. எத்தனால் நீரை ஈர்க்கும் தன்மையது. நீர் மிகுந்தால் பெட்ரோலினின்று பிரிந்து அடியில் தங்கும். இயந்திரத்தைப் பல வாரம் நிறுத்திவைப்போர் டாங்கியையும் கார்புரேட்டரையும் வடித்துவிடுவது நன்று. இல்லையேல் நுண்ணிய ஜெட் துளைகளில் பிசின் படியும்.

பிளேடைத் தொடுமுன் பிளக் கம்பியைக் கழற்றிவிடல் வேண்டும். சூடான இயந்திரத்தில் பெட்ரோல் ஊற்றலாகாது. மூடிய கொட்டகையில் இயக்கினால் கார்பன் மோனாக்சைடு சேரும்; நிறமும் மணமும் இல்லாத அந்நச்சு உயிரையே குடிக்கும்.

முடிவுரை

பொறி, கலவை, அழுத்தம் என்ற வரிசையில், ஒரு வேளைக்கு ஒன்றை மட்டும் மாற்றிச் சோதிப்பதே பழுது காணும் முறை. இரண்டை ஒன்றாக மாற்றினால் எதனால் குணமாயிற்று என்பது விளங்காது. ஆய்வுக்கூடத்தில் நாம் பின்பற்றும் ஒழுங்கும் இதுவே. ‘பதறாத காரியம் சிதறாது’ என்பர். காவிரிக்கரை ஊர்களிலிருந்து கல்லூரிக்கு வரும் மாணவ நண்பர்கள், அடுத்த முறை வீட்டுத் தோட்டத்தில் இயந்திரம் நின்றால், ஸ்பானரை எடுக்குமுன் இவ்வரிசையை நினைவிற் கொள்வார்களாக!