காரீயம் ஏன் நீலம் பூண்டது?

வெளுத்ததெல்லாம் பால் என்று எண்ணாதே என்பது நம் முன்னோர் வாக்கு. அதன் பொருளை, உருகிய காரீயச் சட்டியின் முன் நின்றபோதுதான் நான் நன்கு உணர்ந்தேன்.

எங்கள் ஆய்வுக்கூடத்தில் காமாக் கதிர்களை எண்ணும் கருவியைச் சுற்றி அடுக்கக் காரீயக் கட்டிகள் தேவைப்பட்டன. கபாடிக் கடைக்காரர் ஒருவரிடம் இரண்டு மூட்டை பழைய காரீயம் வாங்கினோம். ஒன்றில் பற்றாசு ஒட்டிய இணைப்புத் துண்டுகள். மற்றொன்றில் பழைய நீர்க்குழாய்கள். முதல் மூட்டையை உருக்கி வார்த்த கட்டிகள் வெள்ளிபோல் மின்னின. இரண்டாம் மூட்டையோ உருகியதும் பொன்னிறமாயிற்று, பின் ஊதாவாயிற்று, முடிவில் மயிற்கழுத்து நீலம் பூண்டது. “துத்தநாகத்தைக் கலந்து நம்மை ஏய்த்துவிட்டார்” என்றார் நண்பர். பாக்கிப் பணத்தை நிறுத்திவைப்பதென்றும் முடிவாயிற்று. ஆனால், சோதித்துப் பாராமல் ஒருவரைக் கள்வர் என்பது விஞ்ஞான மாணவருக்கு அழகாகுமா?

முதலில் ஒரு கட்டியைக் கத்தியால் சுரண்டினோம். நீலம் தோலளவே இருந்தது. உள்ளே தூய வெண்சாம்பல் நிறம். அடுத்து நகத்தால் கீறினோம். எளிதில் தடம் பதிந்தது. காரீயம் மெல்லியது, ஆன்டிமனி கலந்தால் கடினமாகிவிடும். மூன்றாவதாக ஆர்க்கிமிடீஸ் வழியைக் கையாண்டோம். கட்டியைக் காற்றிலும் நீரிலும் நிறுத்து அடர்த்தியைக் கணக்கிட்டோம். தூய காரீயத்தின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 11.34 கிராம், துத்தநாகத்திற்கு ஏறக்குறைய 7.1, வெள்ளீயத்திற்கு 7.3. நீலக் கட்டி 11.3 காட்டியது. வெள்ளிபோல் மின்னிய கட்டியே அதற்குக் குறைவாகக் காட்டிற்று!

அப்படியானால் நிறம் எங்கிருந்து வந்தது? காரீயம் 327 பாகை சென்டிகிரேடில் உருகுகிறது. உருகியதன் மேற்பரப்பு காற்றிலுள்ள ஆக்ஸிஜனுடன் கூடி, மிக மெல்லிய ஆக்ஸைடு ஏடாகிறது. ஏட்டின் மேற்புறத்தில் பட்டுத் திரும்பும் ஒளியும், அடிப்புறத்தில் பட்டுத் திரும்பும் ஒளியும் ஒன்றோடொன்று குறுக்கிடுகின்றன. ஏட்டின் கனத்திற்கேற்ப வெள்ளொளியின் ஒரு பகுதி மங்கிவிட, எஞ்சியது நிறமாகத் தெரிகிறது. ஏடு கனக்கக் கனக்கப் பொன்னிறம் ஊதாவாகி, நீலமாகிறது. மழைக்காலச் சாலையில் எண்ணெய் காட்டும் வண்ணமும், கொல்லன் சூடேற்றும் எஃகின் நிறமாற்றமும் இதே வகையைச் சேர்ந்தவையே.

முதல் மூட்டை நிறம் மாறாததற்குக் காரணம் பற்றாசிலிருந்த வெள்ளீயம். அது காரீயத்தை முந்திக்கொண்டு ஆக்ஸிஜனுடன் கூடி, மேலே காப்பு ஏடாகப் படிந்துவிடுகிறது. ஊரில் நம் வீட்டு ரசத்திற்குரிய ஈயச் சொம்பும் வெள்ளீயத்தால் ஆனதே. காரீயப் பாத்திரத்தில் ஒருபோதும் சமைக்கலாகாது. ‘ஈயம்’ என்ற பொதுப்பெயர் இங்கே நம்மை மயக்கிவிடக் கூடாது.

ஆகவே நீல நிறம் கலப்படத்தின் அடையாளமன்று. துத்தநாகம் கரைந்திருந்தால் உருகிய பரப்பு கெட்டிக் கஞ்சிபோல் திரண்டிருக்கும். அச்சின் மூலைகளில் சரியாக ஓடாது. துத்தநாகம் 419 பாகையில்தான் உருகும், எனவே காரீயத்தை 370 பாகைக்குள் வைத்திருந்தால், துத்தநாகத் துண்டு உருகாமல் மேலே மிதக்கும், கரண்டியால் எடுத்துவிடலாம்.

ஆனால் அந்த நிறம் வேறொரு குற்றத்தைக் காட்டிக்கொடுத்தது. வெப்பமானியை வைத்துப் பார்த்தால் 460 பாகை! அடுப்பைத் தணித்து 360 பாகைக்குக் கொணர்ந்ததும் ஏடு மெதுவாகவே படிந்தது. சட்டியின் விளிம்பில் மஞ்சள் தூள் சேர்ந்திருந்ததையும் அப்போதுதான் கவனித்தோம். அது காரீய ஆக்ஸைடு. நாட்டு மருந்துக் கடையில் மிருதாரசிங்கி என்பது இதுவே. இத்தூள் மூச்சு வழியாகவும் கைவழியாகவும் உடலில் புகும் நஞ்சு. இரத்தத்தில் இவ்வளவு காரீயம் இருந்தால் தீங்கில்லை என்று கூறத்தக்க அளவு எதுவும் இல்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம். நாங்களோ மூடிய அறையில், முகமூடியின்றி, பக்கத்து மேசையில் தேநீரை வைத்துக்கொண்டு நின்றோம்!

இப்பணியில் ஈடுபடுவோர் சில விதிகளை மறவாதிருத்தல் வேண்டும். திறந்த வெளியில், தூளைத் தடுக்கும் முகமூடியும் கண்ணாடியும் கையுறையும் அணிந்து உருக்குக. உருகிய காரீயத்தில் ஈரத் துண்டைப் போடாதீர். நீர் நொடியில் ஆவியாகி உலோகத்தை வெடித்துச் சிதறச் செய்யும். பழைய மின்கலத் தகடுகளை அறவே தொடாதீர். அவற்றின் கசடிலிருந்து கொடிய நச்சுவாயு எழக்கூடும். மேலே படியும் தூளை மூடிய டப்பாவில் சேர்த்து, முறைப்படி அகற்ற ஒப்படையுங்கள். வேலை முடிந்ததும் கைகளைச் சோப்பிட்டுக் கழுவி, உடை மாற்றிய பின்னரே உண்ணுங்கள்.

மறுநாள் மாலை பாக்கிப் பணத்தைக் கபாடிக் கடைக்காரரிடம் கொடுத்தோம். ஒரு நாள் தாமதம் ஏன் என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால், “உங்கள் சரக்கு தூயது; எங்கள் அடுப்புதான் மிகையாக எரிந்தது” என்று சொல்லியிருப்போம்.