குப்பையிலிருந்து எரிசக்தி: சேக்காட்டுக்கான திட்டமிடல் முறை

நகரக் குப்பையிலிருந்து மின்சாரமோ எரிவாயுவோ எடுக்கும் திட்டங்களில் பல, ஆலை கட்டப்படும் முன்பே, குப்பையைப் பற்றிய கணக்கில் தடுமாறிவிடுகின்றன. தில்லியின் திமார்பூரில் 1987இல் இயங்கத் தொடங்கிய எரிப்பு ஆலை, நாளொன்றுக்கு 300 டன் குப்பையை எரிக்கவும், கிலோ ஒன்றுக்குச் சுமார் 1,460 கிலோகலோரி வெப்பம் கிடைக்கும் என்ற எதிர்பார்ப்பிலும் வடிவமைக்கப்பட்டிருந்தது. வந்து சேர்ந்த ஈரக் குப்பை அதில் ஏறத்தாழப் பாதியையே தந்ததால், மூன்று வார ஓட்டத்திலேயே ஆலை நின்றுபோயிற்று. ஆவடி மாநகராட்சியின் குப்பைக் கிடங்கு அமைந்துள்ள சேக்காட்டுக்குத் திட்டம் வகுப்போர் இந்த ஒரு தோல்வியை மனத்தில் இருத்திக்கொண்டு தொடங்குவது நல்லது.

முதலில் அளவு. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஆவடியின் மக்கள்தொகை ஏறத்தாழ 3.46 லட்சம், ஆளொருவருக்கு 400 முதல் 500 கிராம் என்று கொண்டால் அன்றைய நிலையிலேயே நாளொன்றுக்கு 140 முதல் 170 டன் வரை வரும். இது காகிதக் கணக்கு மட்டுமே என்பதால், கிடங்கின் எடைமேடையில் வண்டி வாரியாகப் பதிவான எடைகளையே அடிப்படையாகக் கொள்ள வேண்டும். கிடங்கில் முன்பே குவிந்துள்ள பழைய குப்பையை இந்தக் கணக்கில் சேர்க்கலாகாது. அதிலுள்ள மக்கும் பகுதி பெரும்பாலும் மக்கி முடிந்திருக்கும், பிளாஸ்டிக்கில் மண் ஒட்டியிருக்கும். அதை அகழ்ந்து சலித்துப் பிரிக்கும் பயோமைனிங் பணிக்குத் தனித் திட்டம் வேண்டும்.

அடுத்து வருவது குப்பையின் தன்மையை அறியும் படி. திட்ட அறிக்கைகள் பெரும்பாலும் சறுக்குவது இங்கேதான். மாதிரி எடுக்கும் பொறுப்பை இயந்திரம் விற்க வரும் நிறுவனத்திடம் ஒருபோதும் விடலாகாது. காய்கறிச் சந்தை, பட்டாபிராம், திருமுல்லைவாயல் போன்ற குடியிருப்புப் பகுதிகள், கடைத்தெரு, உணவகங்கள் என ஒவ்வொரு வகை வட்டாரத்திலிருந்தும் வரும் வண்டிகளைத் தேர்ந்து, அவற்றின் குப்பையைத் தார்ப்பாயில் கொட்டிக் கிளறி, வட்டமாகப் பரப்பி நான்காகப் பகுத்து, எதிரெதிரான இரு கால்பகுதிகளை விலக்கி, மீதியை மீண்டும் கலந்து பகுத்து, பத்துக் கிலோ அளவுக்குக் குறைக்க வேண்டும். கட்டிய பைகளைப் பிரிக்காமல் பகுப்பது வீண்வேலை, ஏனெனில் ஈரம் முழுவதும் அந்தப் பைகளுக்குள்தான் தேங்கியிருக்கும். கோடையில் ஒருமுறை எடுத்து முடிப்பதும் போதாது: ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் நனைந்த குப்பை, ஆயுத பூசைக்குப் பின் குவியும் பூசணியும் வாழைக்கன்றும், பொங்கலின் கரும்புத் தோகை ஆகியவை ஒவ்வொன்றும் தனித்தனியே அளக்கப்பட வேண்டும்.

ஆய்வகம் தரும் வெப்பமதிப்பு, அதாவது ஒரு கிலோ பொருள் எரியும்போது வெளிப்படும் வெப்ப அளவு, பெரும்பாலும் உலர்த்திய மாதிரிக்கு உரியது என்பதைக் கவனியாமல் அந்த எண்ணை அப்படியே அறிக்கையில் ஏற்றிவிடுவதே மிகப் பெரிய பிழை. உலர் மாதிரி கிலோவுக்கு 3,000 கிலோகலோரி காட்டுவதாகவும், வந்தபோது அதன் ஈரப்பதம் 55 விழுக்காடு இருந்ததாகவும் கொள்வோம். உலர்ந்த பகுதி 45 விழுக்காடே ஆதலால் கிடைப்பது 1,350. அந்த 55 விழுக்காட்டு நீரை ஆவியாக்க, கிலோவுக்கு 585 என்ற கணக்கில், ஏறத்தாழ 322 செலவாகிறது. எஞ்சுவது 1,028 மட்டுமே. எரியும்போது ஹைட்ரஜனிலிருந்து உண்டாகும் நீரையும் கழித்தால் அது இன்னும் இறங்கும். அதே குப்பையின் ஈரம் 30 விழுக்காடாக இருந்தால் 1,925 வரை தேறும். மறுசுழற்சிக்கு ஆகாத, 1,500 கிலோகலோரியும் அதற்கு மேலும் தரும் கழிவை நிலத்தில் கொட்டாமல் எரிசக்திக்குப் பயன்படுத்த வேண்டும் என்று 2016ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள் வகுத்தன. அந்த வரம்பை எட்டுவதும் எட்டாததும் வீட்டுவாசலில் மக்கும் குப்பை தனியே பெறப்படுவதைப் பொறுத்தே அமைகிறது. தூய்மைப் பணியாளர் பிரித்து வாங்கியதை ஒரே வண்டியில் கலந்து ஏற்றும் வழக்கம் ஒழியும் வரை எந்த ஆலைக்கும் ஒப்பந்தப்புள்ளி கோரக் கூடாது.

இவ்வளவும் கைக்கு வந்தபின் தொழில்நுட்பத்தைத் தேர்வது எளிது. ஏறத்தாழப் பாதி ஈரமாகவே வரும், நாளொன்றுக்கு 200 டன்னைச் சுற்றி நிற்கும் குப்பைக்கு எரிப்பு ஆலை பொருந்தாது. டையாக்சின் போன்ற நச்சுகளைக் கட்டுப்படுத்த உலையை 850 டிகிரி செல்சியசுக்குக் குறையாமல் வைத்திருக்க வேண்டிய நிலையில், ஈரக் குப்பைக்குத் துணை எரிபொருள் ஊற்றியே காலம் கழியும். மக்கும் பகுதிக்கு உரியது, காற்றில்லாக் கலனில் நுண்ணுயிர்களால் நொதிக்கவைத்து எரிவாயு பெறும் முறை. நன்கு பிரித்த உணவுக் கழிவு டன்னுக்குச் சுமார் 80 முதல் 100 கனமீட்டர் வாயு தரும். கோயம்பேடு மொத்தச் சந்தையில் 2005இல் 30 டன் திறனுடன் அமைந்த ஆலை காய்கறிக் கழிவையே நம்பி வகுக்கப்பட்டது. இந்தூரில் 2022இல் தொடங்கிய 550 டன் ஆலைக்கு அடித்தளம் அந்நகரம் முன்பே பழகியிருந்த தரம்பிரிப்பு. சேக்காட்டிலும் சந்தை, உணவகம், விடுதிக் கழிவோடு சிறிய கலனில் தொடங்கிப் பின்னர் வீட்டுக் குப்பையைச் சேர்ப்பதே முறை. தெருவில் பெருக்கிய மண், தேங்காய்ச் சிரட்டை, தலைமுடி ஆகிய மூன்றும் கலனுக்குள் போகவே கூடாது: மண் அடியில் படிந்து கொள்ளளவைத் தின்னும், முடி கலக்கியில் சுற்றிக்கொள்ளும்.

மக்காதவற்றில் விலைபோவதை முதலில் பிரித்தெடுத்தபின், எஞ்சும் கிழிந்த நெகிழி, துணி, ரப்பர் ஆகியவற்றை உலர்த்தித் துண்டாக்கிச் சிமெண்டு ஆலைகளுக்கு எரிபொருளாக அனுப்பலாம். அத்தகைய ஆலைகள் உள்ள அரியலூர் வரை லாரி வாடகை யார் தலையில் விழும் என்பதை முன்பே முடிவுசெய்ய வேண்டும்.

ஒப்பந்தத்தில் இரண்டு வரிகளைத் தவறாமல் பார்க்க வேண்டும். மாநகராட்சி நாள்தோறும் இத்தனை டன் தந்தே தீர வேண்டும் என்று உறுதியளிக்கும் பிரிவு இருந்தால் நீக்கிவிட வேண்டும். வீடுகளில் உரமாக்குதல் வளர்ந்து குப்பை குறையக் குறைய, அது அபராதமாகத் திரும்பும். மற்றொன்று, கலனிலிருந்து நாள்தோறும் வெளியேறும் கழிவுக் குழம்பு எங்கே, யாரால், எந்த வண்டியில் கொண்டுபோகப்படும் என்பது. வாங்கிக்கொள்ளும் விவசாயிகளோடும் உரக்கூடத்தோடும் எழுத்துமூல ஏற்பாடு ஆகாமல் வாயுக்கலனைத் திறந்தால், மழைக்காலத்தில் அக்குழம்பு வடிகாலில் இறங்கி அருகிலுள்ள நீர்நிலைகளைச் சென்றடையும்.