பால் டின்னைக் கழுவி வை, கண்ணு

என் மீனாக்குட்டிக்கு,

பசியாறிவிட்டுத்தானே வேலைக்குப் போகிறாய்? ஒரு துண்டு ரொட்டியை வாயில் வைத்துக்கொண்டு ஓடாதே.

மறுசுழற்சி செய்யச் சொல்லி பிரிக்ஃபீல்ட்ஸில் உன் அடுக்குமாடி லிஃப்ட்டில் நீ ஒட்டிய தாளை யாரும் சட்டை செய்யவில்லையாம், உன் அம்மா சொன்னாள். மூஞ்சியைத் தூக்கி வைத்திருப்பாய்; சின்ன வயசிலிருந்தே அதில் நீ கெட்டிக்காரி.

கண்ணு, கோலாலம்பூரில் குப்பையைப் பிரித்துப் போடச் சொல்லி 2015 செப்டம்பரிலிருந்தே சட்டம் இருக்கிறது. சிலாங்கூர் அந்தச் சட்டத்தில் சேரவில்லை, கிள்ளானில் எங்களுக்கு அந்தக் கட்டாயம் கிடையாது. ஆனாலும் 'சூராட் காபார் லாமா', பழைய பேப்பர், என்று லோரியின் ஒலிபெருக்கி கேட்டால் போதும், எங்கள் தாமானில் பேப்பர் கட்டோடு ஆட்கள் வாசலுக்கு வந்துவிடுவார்கள். கிடைப்பது என்னவோ சில வெள்ளிதான். லோரி வீடு தேடி வருகிறது, கண்ணெதிரே நிறுக்கிறார்கள், பக்கத்து வீட்டு அம்மாவிடம் நாலு வார்த்தையும் பேசலாம். காசைவிட அதுதான் ஆட்களை இழுக்கிறது என்பேன். சூ சி பௌத்த அமைப்பின் தொண்டர்களைப் பார், தள்ளாத வயதிலும் உட்கார்ந்து பாட்டில் பிரிக்கிறார்கள். விற்ற காசு நற்பணிக்குப் போகிறது என்று தெரியும், கூடவே பேச்சுத்துணையும் உண்டு.

"எல்லாம் கடைசியில் ஒரே லோரியில்தானே போகுது" என்று யாராவது சொன்னால் சண்டைக்குப் போகாதே. அப்படி நினைக்கக் காரணம் இருக்கிறது. 2018இல் சீனா பிளாஸ்டிக் கழிவை வாங்குவதை நிறுத்தியதும், அது இங்கே சிலாங்கூரில் ஜெஞ்சாரோம் என்ற ஊரில் வந்து குவிந்தது. மறுசுழற்சி என்ற பேரில் கள்ள ஆலைகள் எரித்த புகையை அந்த ஊர்க்காரர்கள் சுவாசித்தார்கள். அவர்கள் விடாமல் புகார் கொடுத்ததால்தான் அதிகாரிகள் ஆலைகளை மூடினார்கள். அதனால் சந்தேகம் நியாயம்தான். எந்த லோரி, எந்தக் கிழமை, எங்கே கொண்டுபோகிறது என்று நீயே விசாரித்து வைத்துக்கொண்டு பதில் சொல்.

முதலில் உன் மாடியில் இரண்டு வீட்டைப் பிடி. தாள் ஒட்டாதே, கதவைத் தட்டு. பால் டின்னை அரிசி களைந்த தண்ணீரில் ஒரு அலசு அலசிக் கவிழ்த்து வை. அடியில் ஒட்டிய பாலுக்கு எறும்பு ஏறினால் மறுசுழற்சித் தொட்டிப் பக்கம் அப்புறம் யாரும் வரமாட்டார்கள்.

சனிக்கிழமை வரும்போது பொரித்த எண்ணெயையும் பாட்டிலில் ஊற்றி எடுத்து வா, இங்கே வாங்கிக்கொள்கிறார்கள். மூடியை இறுக்கிப் போடு. கமியூட்டர் ரயிலில் பக்கத்து ஆள் சட்டையில் கொட்டிவிட்டு எனக்குப் போன் பண்ணாதே.

உன் பெரியம்மா
கிள்ளான்